சின்னக் கண்ணாடிப் புட்டி: எதற்கு? எந்தக் காலம்?

மயிலாப்பூரிலோ தியாகராய நகரிலோ ஒரு பழைய வீட்டை இடித்து அடுக்குமாடி கட்டப் போகிறார்கள் என்றால், முதலில் வெளியே வருவது தேக்குத் தூணும் பித்தளைப் பாத்திரமும்தான். அதற்கெல்லாம் விலை உண்டு, உடனே போய்விடும். கடைசியில் பரண் மூலையிலிருந்து ஒரு தகர டப்பா வரும். அதற்குள் கட்டைவிரல் உயரக் குப்பி, மூடி தொலைந்த சீசா, நீல நிறத்தில் ஒரு குட்டிக் கிண்ணம். இவற்றை யாரும் சீண்டுவதில்லை. பழைய பேப்பர்காரர் எடை போட்டு எடுத்துக்கொண்டு போவார். அங்கிருந்து நேராக உருக்கும் உலைக்கு!

யாராவது ஒருவர் கையில் எடுத்துப் பார்த்தாலும் வழக்கமாக மூன்றே பதில்கள்தான் வரும். "அத்தர் புட்டி", "வெள்ளைக்காரன் காலத்துச் சாமான்", "ஏதோ மருந்து". பெரும்பாலும் மூன்றும் தவறாக இருக்கும், அல்லது பாதி சரியாக இருக்கும்.

ஒரு சின்னக் கண்ணாடிச் சாமானிடம் கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டு. இது எதற்கு? இது எந்தக் காலம்? இரண்டுக்கும் அந்தச் சாமானின் உடம்பிலேயே விடை இருக்கிறது. படிக்கத் தெரிந்தால் போதும்.

கண்ணீர்க் குப்பி என்ற கதை

முதலில் ஒரு எச்சரிக்கை. கண்ணாடிச் சாமான் சின்னதாக இருந்தால் மனிதர்கள் அதற்கு ஒரு அழகான கதையைக் கட்டிவிடுவார்கள்.

ரோமானியர்களின் கல்லறைகளில் நீளமான கழுத்துள்ள குட்டிக் குப்பிகள் ஏராளமாகக் கிடைத்தன. இறந்தவருக்காக அழுதவர்கள் தங்கள் கண்ணீரைப் பிடித்து வைத்த குப்பிகள் இவை என்று ஐரோப்பாவில் நெடுங்காலம் நம்பினார்கள். "கண்ணீர்க் குப்பி" என்றே பெயரும் வைத்தார்கள். பிற்பாடு ஆய்வாளர்கள் சொன்ன பதில் ரொம்பச் சாதாரணமானது. அவை வாசனை எண்ணெய், தைலம் வைத்த குப்பிகள். கழுத்து நீளமாக இருந்ததற்குக் காரணம், விலை உயர்ந்த எண்ணெய் ஒவ்வொரு சொட்டாக விழ வேண்டும், சீக்கிரம் ஆவியாகக் கூடாது என்பதுதான்.

அமெரிக்காவிலும் இதே கதை. சீனர்கள் குடியேறிய பகுதிகளில் தோண்டியபோது கிடைத்த சுண்டுவிரல் அளவுக் குப்பிகளை "அபின் குப்பி" என்று விற்றார்கள். அவற்றில் பெரும்பாலானவை ஒரு வேளைக்கான மருந்துத் தூள் அல்லது மாத்திரை வைத்த சாதாரண மருந்துக் குப்பிகள்!

நம் ஊரில் "அத்தர் புட்டி" என்று சொல்லி விற்பதும் கிட்டத்தட்ட இதே ரகம். கண்ணீர், அபின், அத்தர் என்று சொன்னால் விலை ஏறும். தலைவலித் தைலம் என்று சொன்னால் ஏறாது. ஆகவே விற்பவர் சொல்லும் பெயரைக் கடைசியில் வைத்துக்கொண்டு, சாமானை முதலில் பார்ப்பது நல்லது.

எதற்கு? வாயையும் அடியையும் பாருங்கள்

ஒரு புட்டியின் பயனைச் சொல்வது அதன் வாய், கழுத்து, அடிப்பாகம். உள்ளே இருந்தது எப்படி வெளியே வர வேண்டும் என்பதை வாய் சொல்லும். புட்டி எங்கே, எப்படி நிற்க வேண்டும் என்பதை அடி சொல்லும். பழைய வீடுகளில் அடிக்கடி கிடைக்கும் சிலவற்றைப் பார்க்கலாம்.

மைப் புட்டி: குட்டையான உடம்பு, அகலமான அடி. மேஜையில் கை பட்டால் கவிழக் கூடாது என்பதே காரணம். தொட்டு எழுதும் பேனாக் காலத்துப் புட்டிக்கு வாய் சின்னது, நிப்பு மட்டும் நுழைந்தால் போதும். சிலவற்றின் தோள்பட்டையில் பேனாவைச் சாய்த்து வைக்க ஒரு பள்ளம் இருக்கும். பவுண்டன் பேனா வந்த பிறகு வாய் அகலமானது. மலிவு விலை மைப் புட்டிகளில் வாயின் விளிம்பு உடைத்துவிட்டது போலச் சொரசொரப்பாக இருக்கும். அது பிற்பாடு உடைந்தது அல்ல, தயாரிப்பிலேயே அப்படித்தான். விளிம்பை வழவழப்பாக்கும் கூலியை மிச்சம் பிடித்தார்கள். மேலே தக்கையும் மெழுகும் வைத்து மூடினார்கள்.

கண் கழுவும் கிண்ணம்: இதைத்தான் அதிகமானோர் தவறாகச் சொல்கிறார்கள். சின்னக் காலின் மேல் நிற்கும் குட்டிக் கிண்ணம். முட்டை வைக்கும் கிண்ணம், உப்புக் கிண்ணம், மது அளக்கும் கிளாஸ் என்று ஆளுக்கொன்று சொல்வார்கள். விளிம்பை மேலிருந்து பாருங்கள். வட்டமாக இல்லாமல் நீள்வட்டமாக, இரண்டு பக்கமும் லேசாகத் தாழ்ந்து வளைந்திருந்தால், அது கண்குழியில் கச்சிதமாகப் பொருந்துவதற்காகச் செய்தது. மருந்து நீரை ஊற்றி, கண்ணோடு சேர்த்துப் பிடித்து, தலையைப் பின்னால் சாய்த்துக் கண்ணைத் திறந்து மூட வேண்டும்.

விஷப் புட்டி: அடர்நீலம் அல்லது பச்சை நிறம், ஆறு பட்டை, பக்கங்களில் வரிவரியான மேடு. மின்விளக்கு இல்லாத காலத்தில், இருட்டில் தடவி எடுக்கும்போது விரலே எச்சரிக்க வேண்டும் என்பதற்காக இந்த மேடு. ஆங்கிலேயர் புட்டிகளில் 'நாட் டு பி டேக்கன்' என்று கண்ணாடியிலேயே அச்சு இருக்கும். உட்கொள்ளக் கூடாது என்று அர்த்தம்.

ஹோமியோபதிக் குப்பி: நேரான குழாய், சமமான அடி, சின்னத் தக்கை. சர்க்கரை உருண்டைகள் போட்டுக் கொடுத்தது. அத்தர் புட்டி என்று தவறாகச் சொல்லப்படுவதில் இதற்கு முக்கிய இடம் உண்டு. உண்மையான அத்தர் புட்டியில், பெரும்பாலும் மூடியோடு சேர்ந்த ஒரு கண்ணாடிக் குச்சி உள்ளே இறங்கும். ஒரு தொடுதல் மட்டும் எடுத்துப் பூசிக்கொள்ள அந்தக் குச்சி.

மிக்சர் புட்டி: எழுத்தே இல்லாத சாதாரணப் புட்டி. அரசாங்க ஆஸ்பத்திரியில் புட்டியை வீட்டிலிருந்து நோயாளிதான் கொண்டு போவார். கம்பவுண்டர் அதில் மருந்தை ஊற்றி, ஓரத்தில் பல் பல்லாக வெட்டிய ஒரு காகிதத்தைப் பக்கவாட்டில் ஒட்டிக் கொடுப்பார். ஒரு பல் அளவு ஒரு வேளைக்கு. எழுத்துப் படிக்கத் தெரியாதவருக்கும் புரியும் அளவுகோல் அது! புட்டியின் பக்கத்தில் நெடுக்காக ஒரு பசைக் கறை இருந்தால் இந்தக் கதையையும் நினைத்துப் பாருங்கள்.

இந்த இடத்தில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நம் வீடுகளில் ஒரு புட்டி ஒரே வேலையோடு ஓய்வு பெறுவதில்லை. பிராந்தி வந்த புட்டியில் விளக்கெண்ணெய் இருக்கும். மைப் புட்டியின் தகர மூடியில் ஓட்டை போட்டு, திரி சொருகி, மண்ணெண்ணெய் ஊற்றினால் அது விளக்கு. கழுத்தில் கரி படிந்த மைப் புட்டி கிடைத்தால், அது இரண்டு காலங்களைச் சேர்த்துச் சொல்கிறது. பள்ளிக்கூடப் பையனின் பகலையும், கரண்ட் வராத வீட்டின் இரவையும்.

இதற்கு மிகப் பெரிய உதாரணம் யாழ்ப்பாணம். 1990க்குப் பிறகு பொருளாதாரத் தடையால் மண்ணெண்ணெய்க்கு ஆனை விலை வந்தபோது, அங்கே வீடுதோறும் ஜாம் போத்தல் விளக்குகள் எரிந்தன. போத்தலுக்குள் கொஞ்சம் பஞ்சு, அதை நனைக்கும் அளவுக்கு மட்டும் எண்ணெய், அதில் ஒரு சின்னத் திரி. மிகக் குறைந்த எண்ணெயில் இரவெல்லாம் படிக்க முடிந்தது. நூறு வருடம் கழித்து அந்தப் போத்தலை ஒருவர் எடுத்து, "இது ஜாம் போத்தல்" என்று எழுதி வைத்தால் அது சரிதான். ஆனால் அதன் முழு வரலாறும் அந்தப் பதிலில் தொலைந்துபோகும்.

எந்தக் காலம்? உடம்பில் இருக்கும் தழும்புகள்

இனி வயது. வடிவத்தை நம்பி வயது சொல்லக் கூடாது என்பதுதான் முதல் பாடம். அழகான வடிவங்களை மறுபடி மறுபடி செய்துகொண்டே இருப்பார்கள். செய்த விதத்தைப் பார்க்க வேண்டும்.

அடியில் வடு: புட்டியின் அடிப்பாகத்தின் நடுவில் சொரசொரப்பான வட்ட வடு இருக்கிறதா? ஊதி முடித்த புட்டியின் அடியில் ஒரு இரும்புத் தண்டை ஒட்டிப் பிடித்துக்கொண்டு வாயை உருவாக்கினார்கள். வேலை முடிந்ததும் தண்டைத் தட்டி எடுத்தபோது விட்டுப் போன தழும்பு அது. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் சாதாரணப் புட்டிகளுக்கு 1860களோடு இந்த முறை குறைந்துவிட்டது.

அச்சுக் கோடு: இரண்டு பாதி அச்சு சேரும் இடத்தில் புட்டியின் பக்கங்களில் மெல்லிய கோடு விழும். விரல் நகத்தால் தடவிக்கொண்டே மேலே போங்கள். கோடு கழுத்தோடு நின்றுவிட்டால், உடம்பை அச்சில் ஊதி, வாயைக் கையால் செய்திருக்கிறார்கள். கோடு வாயின் விளிம்பு வரைக்கும் ஏறினால் அது இயந்திரம் செய்தது. அமெரிக்காவின் மைக்கேல் ஓவன்ஸ் 1903 வாக்கில் முழுத் தானியங்கி பாட்டில் இயந்திரத்தைக் கொண்டுவந்தார். அதன் பிறகுதான் உலகம் மாறியது.

நிறம்: மணலில் இருக்கும் இரும்பால் சாதாரணக் கண்ணாடிக்கு இளம்பச்சை கலந்த நீலம் வரும். அதைப் போக்க மாங்கனீசு சேர்த்தார்கள். அப்படிச் சேர்த்த கண்ணாடி பல வருடம் வெயிலில் கிடந்தால் இளம் ஊதா நிறமாகும்! 1880களிலிருந்து முதல் உலகப் போர் வரைக்கும் இது பரவலாக இருந்தது. ஆனால் உஷார். செயற்கைக் கதிர் பாய்ச்சி ஊதாவாக்கி விற்பவர்களும் உண்டு. நிறம் ரொம்ப அடர்த்தியாக இருந்தால் சந்தேகப்படுங்கள்.

குமிழி: "உள்ளே குமிழி இருந்தால் பழசு" என்று சொல்வார்கள். நம்ப வேண்டாம். மலிவான உலையில் போன வருடம் செய்ததிலும் குமிழி இருக்கும்.

வெளிநாட்டு அட்டவணை இங்கே செல்லுமா?

புத்தகங்களில் இருக்கும் இந்த வருடங்கள் எல்லாம் அமெரிக்காவுக்கும் இங்கிலாந்துக்கும் எழுதப்பட்டவை. அதை அப்படியே கொண்டுவந்து சென்னைப் பரணில் ஒட்டினால் தவறு வரும்.

இங்கே நவீனக் கண்ணாடித் தொழிலே தாமதமாகத்தான் காலூன்றியது. சுதேசி இயக்கத்தின் வேகத்தில், மக்களிடம் ஆளுக்கொரு காசு திரட்டிய பைசா நிதியைக் கொண்டு பூனாவுக்கு அருகில் தளேகாவில் 1908இல் ஒரு கண்ணாடித் தொழிற்சாலை தொடங்கினார்கள். அங்கே பயின்றவர்கள் நாடெங்கும் போய் உலைகள் வைத்தார்கள். இயந்திரம் வந்த பிறகும் சின்ன உலைகளில் வாயால் ஊதும் வேலை நிற்கவில்லை. உத்தரப் பிரதேசத்தின் ஃபிரோசாபாத்தில் வாசனைப் புட்டிகளைக் கையால் செய்யும் தொழில் 21ஆம் நூற்றாண்டிலும் நடக்கிறது. ஆகவே கையால் செய்த வாய் என்பதாலேயே இந்தியப் புட்டி ஒன்றை "1900க்கு முந்தியது" என்று சொல்ல முடியாது.

இதைவிடப் பெரிய உதாரணம் மணிகள். புதுச்சேரிக்கு அருகில் அரிக்கமேட்டில் 1945இல் மார்ட்டிமர் வீலர் அகழாய்வு செய்தார். ரோமானிய வணிகத்தின் தடயங்களோடு ஏராளமான சின்னக் கண்ணாடி மணிகளும் அந்த ஊரில் கிடைத்திருக்கின்றன. உருகிய கண்ணாடியை நீண்ட குழாயாக இழுத்து, துண்டு துண்டாக வெட்டிச் செய்தவை அவை. இதே இழுப்பு முறையில் ஆந்திராவின் பாபாநாயுடுபேட்டையில் நம் காலத்திலும் மணி செய்திருக்கிறார்கள் என்பதை அமெரிக்க ஆய்வாளர் பீட்டர் பிரான்சிஸ் பதிவு செய்தார். சுமார் 2000 வருடம் ஒரே கைவேலை! மணியைப் பார்த்து மட்டும் வயது சொல்ல முடியாது. அது எந்த மண் அடுக்கில் கிடைத்தது, கண்ணாடியில் என்னென்ன ரசாயனம் இருக்கிறது என்று பார்த்துத்தான் சொல்ல வேண்டும். அதனால்தான் தோண்டி எடுத்து விற்றுவிட்ட மணிக்கு வரலாறு கிடையாது. அதன் சாட்சி மண்ணோடு போய்விட்டது.

எழுத்து இருந்தால் யோகம்

புட்டியிலோ அதன் லேபிளிலோ எழுத்து இருந்துவிட்டால் வேலை பாதி முடிந்தது. இங்கேதான் நம் ஊருக்கே உரிய சில அருமையான தடயங்கள் இருக்கின்றன.

1. நாட்டின் பெயர். 1887இல் பிரிட்டன் கொண்டுவந்த வணிகக் குறிச் சட்டத்துக்குப் பிறகுதான் 'மேட் இன் ஜெர்மனி' போன்ற முத்திரைகள் பரவின. செக்கோஸ்லோவாக்கியா என்ற நாடு 1918இல்தான் பிறந்தது, 1992 முடிவோடு மறைந்தது. மேற்கு ஜெர்மனி என்று இருந்தால் 1949க்கும் 1990க்கும் இடையில்.

2. அளவு. அவுன்ஸா, மில்லிலிட்டரா? மெட்ரிக் அளவைச் சட்டம் 1956இல் வந்து, 1960களின் தொடக்கத்தில் நடைமுறைக்கு முழுதாக மாறியது. இந்தியப் புட்டியில் மில்லிலிட்டர் என்று இருந்தால் பெரும்பாலும் அதற்குப் பிந்தியது.

3. விலை. அணா என்றால் 1957 ஏப்ரலுக்கு முந்திய கணக்கு. நயா பைசா என்றால் 1957க்கும் 1964க்கும் இடையில். லேபிளில் "ந.பை." என்று பார்த்தால் சந்தோஷப்படுங்கள். அவ்வளவு குறுகிய காலத்தைக் காட்டும் தடயம் வேறில்லை.

4. முகவரி. "மெட்ராஸ்-4" என்று இருந்தால் பழைய தபால் மண்டலம், மயிலாப்பூர். 1972 ஆகஸ்டில் பின்கோடு வந்தபோது அதுவே 600004 ஆனது. தியாகராய நகரின் 17, அடையாறின் 20 எல்லாமே அப்படித்தான் 600017, 600020 ஆயின. ஆறு இலக்கம் இருந்தால் 1972க்குப் பிந்தியது.

5. கம்பெனியின் பெயர். காமர்ஸ் மாணவர்களுக்குப் பிடித்த தடயம் இது. 1913ஆம் ஆண்டுச் சட்டப்படி தனியார் கம்பெனியும் வெறும் "லிமிடெட்" என்றே போட்டுக்கொள்ளலாம். "பிரைவேட் லிமிடெட்" என்று போட்டே ஆக வேண்டும் என்றது 1956ஆம் ஆண்டு கம்பெனிகள் சட்டம். லேபிளில் "பி. லிட்." இருந்தால் அதற்குப் பிந்தையது என்று கொள்ளலாம்.

6. ஊரின் பெயர். ஆங்கிலத்தில் மெட்ராஸ் என்பது 1996இல்தான் அதிகாரபூர்வமாகச் சென்னை ஆனது. ஆனால் தமிழில் அதற்கு வெகு காலம் முன்பே சென்னை என்று எழுதினார்கள். ஆகவே ஆங்கிலத்தில் சென்னை என்று இருந்தால் காலம் தெரியும், தமிழில் இருந்தால் தெரியாது.

7. எழுத்தின் வடிவம். தமிழில் "சென்னை" என்று எழுதியிருந்தால் ஊர்ப் பெயர் உதவாவிட்டாலும் அதில் உள்ள 'னை' உதவும்! 1978இல் தமிழ்நாடு அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்றது. அதற்கு முன் ணை, லை, ளை, னை ஆகிய எழுத்துகளுக்கு முன்னால் யானைத் தும்பிக்கை போல ஒரு சுழி வரும். ணா, றா, னா எழுத்துகளும் வேறு வடிவம். "தலைவலி", "சென்னை" என்ற இரண்டு சொற்கள் இல்லாத தைலப் புட்டி உண்டா? இரண்டிலும் இந்த எழுத்து இருக்கிறது. பெரியார் தம் பத்திரிகைகளில் 1930களிலேயே புதிய வடிவத்தைப் பயன்படுத்தினார் என்றாலும், வியாபார லேபிள்களில் அது பரவியது 1978க்குப் பிறகே.

ஏழு தடயங்களுக்கும் ஒரே விதி. பழைய தடயம் எதையும் நிரூபிக்காது, புதிய தடயம்தான் நிரூபிக்கும். பழைய அச்சைப் பல வருடம் வைத்துப் பயன்படுத்துவார்கள். பழைய எழுத்தில் செய்த பிளாக்கை 1985 வரைக்கும்கூட ஒருவர் ஓட்டியிருக்கலாம். ஆனால் 1950இல் யாரும் பின்கோடு போட்டிருக்க முடியாது. ஒரு புட்டியில் இருக்கும் தடயங்களில் எது மிகவும் புதியதோ, புட்டி அதைவிடப் பழையதாக இருக்க முடியாது. லேபிளுக்கும் புட்டிக்கும் தனித்தனியாக இந்தக் கணக்கைப் போட வேண்டும். பழைய புட்டியில் புது லேபிள் ஒட்டுவது ரொம்பச் சுலபம்.

இரண்டு சோதனைகள்

இந்த விதியை நம் ஊரின் இரண்டு பிரபலக் கண்ணாடிகளில் போட்டுப் பார்க்கலாம்.

முதலாவது கோலி சோடா. இங்கிலாந்துக்காரர் ஹைரம் காட் 1872இல் காப்புரிமை பெற்ற புட்டி இது. தலைகீழாக வைத்து நிரப்புவார்கள். நிமிர்த்தும்போது உள்ளே இருக்கும் வாயுவின் அழுத்தம் கோலியைத் தள்ளி வாயில் இருக்கும் ரப்பர் வளையத்தோடு இறுக்கிவிடும். குடிக்கும்போது கோலி உருண்டு வந்து அடைக்காமல் இருக்கக் கழுத்தில் இரண்டு குழி. தக்கையும் வேண்டாம், மூடியும் வேண்டாம். 1892இல் அமெரிக்காவில் வில்லியம் பெயின்டர் தகர மூடியைக் கண்டுபிடித்த பிறகு மேற்கு நாடுகளில் கோலிப் புட்டி மெதுவாக மறைந்தது. ஜப்பானிலும் இந்தியாவிலும் மறையவில்லை. 2017இல் தமிழக வணிகர் சங்கங்கள் வெளிநாட்டுக் குளிர்பானங்களை விற்க மாட்டோம் என்று அறிவித்தபோது கோலி சோடாவுக்கு மறுபடியும் கிராக்கி வந்தது. ஆகவே கோலிப் புட்டி என்பதாலேயே "விக்டோரியா காலம்" என்று பத்து மடங்கு விலை சொன்னால் நம்பக் கூடாது. அச்சுக் கோடு எங்கே நிற்கிறது, யாருடைய பெயர் பொறித்திருக்கிறது, எந்த ஊர் என்று பார்க்க வேண்டும்.

இரண்டாவது அமிர்தாஞ்சனம். காசிநாதுனி நாகேஸ்வர ராவ் 1893இல் பம்பாயில் தொடங்கினார். 1914இல் தொழில் மெட்ராசுக்கு வந்தது. 1936இல் லிமிடெட் கம்பெனியானது. லஸ்ஸில் இருக்கும் நாகேஸ்வர ராவ் பூங்கா அவர் பெயரில்தான் இருக்கிறது. இந்த மூன்று வருடங்கள் தெரிந்தால் போதும். பழைய தைலப் புட்டி ஒன்றின் லேபிளில் தலைமை அலுவலகம் பம்பாயா மெட்ராசா, பெயருக்குப் பின்னால் லிமிடெட் இருக்கிறதா, அவுன்ஸா கிராமா, 'தலைவலி'யின் லை எப்படி இருக்கிறது என்று வரிசையாகக் கேட்டால், கட்டைவிரல் அளவுப் புட்டி தன் வயதைக் கிட்டத்தட்டப் பத்து வருட வித்தியாசத்துக்குள் சொல்லிவிடும். எந்த ஆய்வகமும் தேவையில்லை.

தரமணியில் இருக்கும் சாட்சி

எழுத்தே இல்லாத புட்டிக்கு என்ன செய்வது? அதற்கும் வழி இருக்கிறது. அந்தப் புட்டியைப் படம் போட்டு விளம்பரம் செய்திருப்பார்கள்!

செட்டிநாட்டுக் கோட்டையூரில் ரோஜா முத்தையா செட்டியார் என்பவர் தமிழ்ப் புத்தகங்களையும் பத்திரிகைகளையும் மட்டுமல்லாமல், துண்டு நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை என்று மற்றவர்கள் குப்பையில் போட்டதையும் சேர்த்துக்கொண்டே இருந்தார். அவர் 1992இல் காலமான பிறகு, சிகாகோ பல்கலைக்கழகத்தின் முயற்சியில் அந்தச் சேகரிப்பு சென்னைக்கு வந்து, 1994இல் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமாக உருவானது. அந்த நூலகம் தரமணியில், சென்ட்ரல் பாலிடெக்னிக் வளாகத்தில் இருக்கிறது. ஐ.டி. கம்பெனிக்குப் போகிற கூட்டம் தினமும் அதன் பக்கமாகத்தான் போகிறது.

பழைய தமிழ்ப் பத்திரிகைகளில் கதைக்குச் சமமாக விளம்பரம் இருக்கும். கூந்தல் தைலம், தாது புஷ்டி லேகியம், பல்வலி மருந்து, மை, சென்ட். பலவற்றில் புட்டியின் படத்தையே வரைந்திருப்பார்கள். தோள் எப்படி வளைகிறது, மூடி தக்கையா திருகா என்பதெல்லாம் தெரியும். அந்த இதழின் மாதமும் வருடமும் அட்டையிலேயே இருக்கும். கையில் இருக்கும் ஊமைப் புட்டிக்கு இதைவிட நல்ல ஜாதகம் எங்கே கிடைக்கும்? விலை என்ன, யாருக்கு விற்றார்கள், என்ன நோய்க்கு என்றும் சேர்த்தே தெரிந்துவிடும்.

ஏன் இவ்வளவு மெனக்கெட வேண்டும்?

நூறு வருடம் தாண்டிய பழம்பொருளை இந்தியாவிலிருந்து தனியார் வெளியே கொண்டுபோக 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டம் தடை விதிக்கிறது. ஆகவே வயது என்பது வெறும் ஆர்வத்துக்காக மட்டும் அல்ல. போன வருடம் ஊதிய குப்பியைப் பழசு என்று வாங்கி ஏமாறாமல் இருக்கவும் இது உதவும். ஆனால் உண்மையான காரணம் வேறு.

அரசர்களுக்குக் கல்வெட்டு இருக்கிறது. கம்பெனிகளுக்குக் கணக்குப் புத்தகம் இருக்கிறது. தலைவலியோடு சமைத்த ஒரு பெண்ணுக்கோ, கம்பவுண்டரிடம் வரிசையில் நின்ற ஒரு கூலிக்காரருக்கோ, மைப் புட்டி விளக்கில் படித்த ஒரு பையனுக்கோ எந்தக் கல்வெட்டும் கிடையாது. அவர்கள் கை பட்ட சாட்சி என்று மிஞ்சியிருப்பது இந்தச் சின்னக் கண்ணாடிகள்தான். 1985இல் மூர் மார்க்கெட் எரிந்தபோது சென்னையின் பழைய சாமான்கள் குவிந்திருந்த இடமே போய்விட்டது. மிச்சம் இருப்பவை வீட்டுப் பரண்களில்தான். அந்த வீடுகளும் ஒவ்வொன்றாக இடிபடுகின்றன.

ஆகவே அடுத்த முறை பரண் ஒழிக்கும்போது ஒரு சின்னப் புட்டி கிடைத்தால், இதைச் செய்யுங்கள். மூடியைத் திறந்து முகர்ந்து பார்க்காதீர்கள், பழைய மருந்தில் பாதரசமோ நஞ்சோ இருக்கலாம். உடனே தேய்த்துக் கழுவாதீர்கள், லேபிளும் கறையும்தான் அதன் பேச்சு. நல்ல வெளிச்சத்தில் வாய், அடி, கோடு, எழுத்து நான்கையும் படம் எடுங்கள். எந்த வீடு, எந்த அறை, கூட என்னென்ன கிடைத்தது என்று ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி உள்ளே போடுங்கள். கடைசியாக, வீட்டில் இருக்கும் பாட்டியிடமோ தாத்தாவிடமோ அதைக் கையில் கொடுத்து "இதில் என்ன வைத்திருந்தீர்கள்?" என்று கேளுங்கள். முதலில் என்ன இருந்தது என்று புட்டி சொல்லிவிடும். அதற்குப் பிறகு அதில் என்னவெல்லாம் இருந்தது என்று அவர்களுக்கு மட்டும்தான் தெரியும்.